நூத்தம்பது ரூபாய்க்கு யாருங்க கேஸ் போடுவாங்க?

ஊறுகாய்க்காக ஒருத்தர் கேஸ் போட்ட கதை தெரியுமா? ஜோக் இல்லை, நிஜம்.

2022 நவம்பர். விழுப்புரத்தில் ஒருவர் தன் உறவினரின் நினைவு நாளுக்காக ஒரு ஓட்டலில் 25 சாப்பாடு பார்சல் வாங்கினார். ஒரு சாப்பாடு 80 ரூபாய், மொத்தம் 2,000. பார்சலில் இருக்க வேண்டிய ஊறுகாய் இல்லை. பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் வீதம் 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார். ஓட்டல்காரர் தரவில்லை. மனிதர் விடவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். 2024 ஜூலையில் உத்தரவு வந்தது. மன உளைச்சலுக்கு 30,000, வழக்குச் செலவுக்கு 5,000, ஊறுகாய்க்கு 25. ஆக மொத்தம் 35,025 ரூபாய்!

இதைக் கேட்டதும் முதலில் வருவது சிரிப்புதான். "இருபத்தஞ்சு ரூபாய்க்கா இவ்வளவு தூரம் போனாரு? வேற வேலை இல்லையா அவருக்கு?" இந்தக் கேள்வியில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஏனென்றால், "இவ்வளவு சின்னத் தொகைக்கு எவன் அலைவான்" என்கிற இதே நினைப்பின் மேல்தான் இன்றைய ஆன்லைன் சாப்பாட்டு வியாபாரத்தின் ரீஃபண்ட் ஏற்பாடு முழுவதும் நிற்கிறது.

பத்து செகண்ட் ரீஃபண்ட்

ராயபுரம் கல்மண்டபம் பக்கமோ, திருவொற்றியூர் தேரடி பக்கமோ ஒரு டிபன் கடையில் பார்சல் வாங்குங்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் வடகறி இல்லை. திரும்பி வந்து, "அண்ணே, வடகறி வைக்கலையே" என்றால் போதும். "அப்படியா? டேய் தம்பி, ஒரு வடகறி கட்டுடா"... முடிந்தது. போட்டோ கேட்க மாட்டார். "உங்கள் கணக்கின் முந்தைய விவரங்களைப் பரிசீலித்ததில்" என்று ஆரம்பிக்க மாட்டார். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், வாழைத்தண்டு சூப் குறைந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை.

கடைக்கார அண்ணன் எல்லாம் பெரிய தியாகி என்று சொல்ல வரவில்லை. காசு வாங்கினவரும் அவர்தான், பார்சல் கட்டினவரும் அவர்தான். நாளைக்கும் வரப்போகிற முகம் எதிரில் நிற்கிறது. அதனால் கணக்கு உடனே நேராகி விடுகிறது. அவ்வளவுதான்.

ஆப்பில் இதே வேலை நாலு கைக்குப் போகிறது. காசு வாங்குவது ஆப். சமைப்பது ஓட்டல். கொண்டு வருவது டெலிவரி தம்பி. பதில் சொல்வது சாட் (ஆளா மெஷினா என்று கடைசி வரை தெரியாது). எல்லாம் சரியாக வந்தால் நாலு பேருக்கும் பங்கு உண்டு. ஒரு ஐட்டம் வராமல் போனால் மட்டும் நாலு பேருமே பொறுப்பில்லை! "ஓட்டல் சரியாகத்தான் கொடுத்தது" என்பார்கள். "டெலிவரி ஆனதாகக் காட்டுகிறது" என்பார்கள். "நாங்கள் வெறும் இடைத்தரகர்" என்பார்கள்.

வெறும் இடைத்தரகர்தான் என்றால், காசு ஏன் சார் உங்கள் கணக்கில் விழுந்தது?

கூப்பன் என்பது ரீஃபண்ட் இல்லை

ஒரு உதாரணக் கணக்கு போடலாம். எண்ணூரில் செகண்ட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்த ரெண்டு பேர் ராத்திரி ஆர்டர் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணி ரெண்டு, 360 ரூபாய். சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் ஒன்று, 140. பேக்கிங் 30, டெலிவரி 35, பிளாட்ஃபார்ம் கட்டணம் 12. ஆக 577, அதுக்கு மேலே ஜிஎஸ்டி. பையைப் பிரித்தால் சிக்ஸ்டி ஃபைவ் இல்லை.

சாட்டில் போய் முறையிட்டால் நடக்கக்கூடியது மூன்று. ஒன்று, 140 ரூபாயும் அதற்கான வரியும் வந்த வழியிலேயே திரும்பி வரும். இதுவும் நடக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு, "சிரமத்துக்கு வருந்துகிறோம், இதோ 70 ரூபாய் கூப்பன்" என்று வரும். ஏழு நாளில் காலாவதி, குறைந்தபட்சம் 199 ரூபாய்க்கு ஆர்டர் போட வேண்டும். மூன்று, "உங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை" என்று சாட் மூடப்படும்.

அந்த இரண்டாவது வகைதான் கில்லாடி வேலை. பி.காம். முதல் வருஷத்திலேயே விற்பனைத் திருப்பம் என்று ஒரு கணக்கு வரும். சரக்கு சரியில்லை என்றால் விற்றவர் அந்தத் தொகையைத் தன் விற்பனையிலிருந்து கழிக்க வேண்டும். அது வாங்கினவருடைய பணம். கூப்பன் அப்படி இல்லை. 70 ரூபாய் கூப்பனை உபயோகிக்க இன்னும் 129 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும். ஏழு நாளைக்குள் போட வேண்டும். அதே கம்பெனியிடம் போட வேண்டும். கடன்பட்டவன் கடனைத் திருப்பித் தராமல், "அடுத்த வாரம் வந்து இன்னொரு பொருள் வாங்கிக்கோ, விலையில் குறைச்சுக்கறேன்" என்று சொன்னால் அதற்கு என்ன பேர்? காசிமேட்டில் கேட்டால் சொல்வார்கள், தூண்டில் என்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். வராத சிக்ஸ்டி ஃபைவுக்கான பேக்கிங் பணம்? பிளாட்ஃபார்ம் கட்டணம்? அதெல்லாம் பெரும்பாலும் திரும்புவதே இல்லை. பிளாட்ஃபார்ம் கட்டணம் 2023-ல் ஆர்டருக்கு 2 ரூபாய் என்று ஆரம்பித்தது. 2025-க்குள் பத்து ரூபாயைத் தாண்டிவிட்டது. சேவைக்காக வாங்குகிற கட்டணம் அது. சேவை சொதப்பினால் அந்தக் கட்டணமும் திரும்பத்தானே வேண்டும்?

ஒரு ஆளுக்கு 70 ரூபாய் போனால் சில்லறை. அதே 70 ரூபாய் ஒரு லட்சம் பேருக்குப் போனால் 70 லட்சம். வாடிக்கையாளர் கண்ணுக்கு முதல் கணக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனி கண்ணுக்கு இரண்டாவது கணக்கு தெரியும். வித்தியாசம் அங்கேதான்.

கேன்சல் செய்தால் யாருக்கு அபராதம்?

வடசென்னையில் இந்தப் பிரச்னைக்கு ஒரு தனி ருசி உண்டு. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் பைக் கூட நுழைய முடியாது. முக்கால் மணி நேரத்தில் வரும் என்று காட்டிய சாப்பாடு ஒன்றரை மணி நேரம் ஆகும். துறைமுகத்துக்குள்ளோ, பெரிய ஆலைகளுக்குள்ளோ பாஸ் இல்லாமல் டெலிவரி தம்பி நுழைய முடியாது. ஆர்டர் போட்டவர் மெஷினை விட்டுவிட்டு கேட் வரைக்கும் வர வேண்டும். இவர் வந்து சேர்வதற்குள் "வாடிக்கையாளரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை" என்று ஆர்டர் முடிந்து போயிருக்கும். காசும் போச்சு, சோறும் போச்சு.

ஷிஃப்டில் சாப்பாட்டு நேரம் அரை மணி. அந்த அரை மணி போய்விட்டால் அடுத்த அரை மணி அன்றைக்குக் கிடையாது. அதற்கப்புறம் வருகிற பிரியாணி தங்கத்தில் செய்ததாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. "இவ்வளவு லேட் ஆனா வேணாம்" என்று கேன்சல் பட்டனைத் தொட்டால் வருவது என்ன? 100 சதவீத கேன்சல் கட்டணம்!

கம்பெனிகள் சொல்லும் நியாயத்தையும் கேட்க வேண்டும். சமைத்த சாப்பாட்டைத் திரும்ப அடுப்பில் போட முடியாது, செல்போன் மாதிரி அலமாரியில் வைத்து அடுத்தவருக்கு விற்கவும் முடியாது. உண்மைதான். கேன்சலுக்கு ரீஃபண்ட் கிடையாது என்ற கறாரான விதி இருந்தும் மாதம் 4 லட்சத்துக்கு மேல் ஆர்டர்கள் கேன்சல் ஆகின்றன என்று 2024 நவம்பரில் ஜொமேட்டோவின் தலைமை நிர்வாகி தீபிந்தர் கோயல் சொன்னார். அப்படிக் கேன்சலான சாப்பாட்டைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குறைந்த விலையில் விற்கும் திட்டத்தையும் அப்போது கொண்டு வந்தார்கள். அதில் வரும் பணத்தில் ஆன்லைனில் காசு கட்டிய பழைய வாடிக்கையாளருக்கும் ஒரு பங்கு என்றார்கள். நல்லது.

ஆனால் தாமதம் யாரால் வந்தது என்று பார்க்காமல் கேன்சல் செய்தவர் தலையில் முழுசாகக் கட்டுவது எந்த ஊர் நியாயம்? இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ராத்திரி ஒரு மணி நேரம் காக்க வைத்துவிட்டு, "டெலிவரி செய்ய ஆள் கிடைக்கவில்லை" என்று ஆப்பே கேன்சல் செய்கிறது. அப்போது என்ன தருகிறார்கள்? கட்டின காசு திரும்பி வரும், அதுவும் சில நாள் கழித்து. அந்நேரத்துக்குள் மற்ற கடைகளும் மூடியிருக்கும், பட்டினிதான். அதற்கு அபராதம் எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் கேன்சல் செய்தால் 100 சதவீதம், கம்பெனி கேன்சல் செய்தால் ஒரு "ஸாரி". இதைச் சட்டம் பார்க்காமல் இல்லை. மத்திய அரசு 2020 ஜூலையில் கொண்டுவந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. கம்பெனி தானாக ஆர்டரை ரத்து செய்யும்போது அதே மாதிரியான கட்டணத்தைத் தானும் ஏற்றுக்கொண்டால்தான், வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வாங்கலாம்.

சட்டம் இருக்கு... ஆனா?

இன்னும் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. குறையுள்ள பொருளையோ சேவையையோ கொடுத்துவிட்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தராமல் இருப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை நியமித்து, பெயரும் தொடர்பு விவரமும் வெளியிட வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதாவது சாட் மூடிவிட்டதால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

"இடைத்தரகர்" வாதத்தையும் ஆணையங்கள் அப்படியே விழுங்கவில்லை. பெங்களூரில் ஒருவர் 2023 ஜனவரியில் ஸ்விக்கியில் 187 ரூபாய்க்கு ஐஸ்கிரீம் ஆர்டர் செய்தார். வரவே இல்லை, ஆனால் வந்துவிட்டதாக ஆப் காட்டியது. தாங்கள் வெறும் இடைத்தரகர் என்றுதான் ஸ்விக்கி வாதாடியது. ஆணையம் ஏற்கவில்லை. 187 ரூபாயைத் திருப்பிக் கொடு, 3,000 இழப்பீடு, 2,000 வழக்குச் செலவு என்று சொல்லிவிட்டது. கர்நாடகாவின் தார்வாடில் 2023-ல் ஜொமேட்டோவில் 133 ரூபாய் 25 பைசாவுக்கு ஆர்டர் செய்த மோமோ வரவில்லை. 2024 ஜூலையில் மாவட்ட ஆணையம் 60,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. இங்கே பக்கத்தில், பூந்தமல்லிக்காரர் ஒருவருக்கு 2023-ல் தோசை, ஊத்தப்பம் வராமல் போன விவகாரத்தில் திருவள்ளூர் மாவட்ட ஆணையம் ஆப், ஓட்டல் ரெண்டு தரப்பையும் பொறுப்பாக்கியது. திருவொற்றியூரும் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. இப்போது சென்னை மாவட்டம் என்பதால், புகார் சென்னை (வடக்கு) ஆணையத்துக்குப் போகும்.

2022 ஜூனில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இந்தக் கம்பெனிகளைக் கூப்பிட்டு, குறைதீர்க்கும் முறையைச் சரிசெய்ய 15 நாளில் திட்டம் கொடுங்கள் என்றது. அதற்கு முந்தைய 12 மாதங்களில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஸ்விக்கி மேல் 3,631 புகார்களும், ஜொமேட்டோ மேல் 2,828 புகார்களும் வந்திருந்தன. நாடு பூராவும் கோடிக்கணக்கான ஆர்டர்கள் போகிற இடத்தில் இந்த எண்ணிக்கை ரொம்பச் சின்னது. குறை அவ்வளவு குறைவு என்று கம்பெனிகள் பெருமைப்பட்டுக் கொள்ளலாம். ஆனால் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. புகார் செய்வதற்கு ஆகும் செலவு, போன பணத்தை விடப் பெரியது.

ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். எல்லாம் சரி. ஆனால் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி விசாரணைக்காக ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். 140 ரூபாயை மீட்க அதைப் போலப் பல மடங்கு கூலியை இழக்க எத்தனை பேர் தயார்? ஊறுகாய்க்குக் கேஸ் போட்டவரைப் பார்த்து ஊர் சிரிப்பதற்கும், கம்பெனி தைரியமாகச் சாட்டை மூடுவதற்கும் காரணம் ஒன்றுதான்.

நம்ம ஆளுங்க மட்டும் யோக்கியமா?

இதையும் பேசாமல் விட்டால் கட்டுரை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். முக்கால்வாசி சாப்பிட்டுவிட்டு முடி கிடந்தது என்று போட்டோ அனுப்புகிறவர்கள் உண்டு. வந்த ஐட்டத்தை ஒளித்துவைத்துவிட்டு வரவில்லை என்பவர்கள் உண்டு. இப்போது ஏஐ வைத்து பிரியாணிக்குள் கரப்பான்பூச்சியை ஓட விடுகிற அளவுக்குத் தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது. காலேஜ் ஹாஸ்டல்களில் இதை ஒரு சாமர்த்தியமாகவே சொல்லிக்கொள்கிறார்கள். :-(

அந்த ஓசி சாப்பாட்டின் செலவைக் கம்பெனி மட்டும் தாங்குவதில்லை. பல நேரம் அது ஓட்டல் கணக்கில் கழிக்கப்படும். கமிஷனே கட்டுப்படியாகவில்லை என்று நாமக்கல் ஓட்டல்கள் 2025 ஜூலை 1 முதல் இந்த ஆப்களுக்குச் சப்ளை நிறுத்துவதாக அறிவித்த அளவுக்கு அவர்கள் நிலைமை இருக்கிறது. சில நேரம் பழி டெலிவரி தம்பி மேல் விழும். லாரி வரிசைக்குள் புகுந்து வந்து, சீல் போட்ட பையைப் பிரிக்கவும் கூடாத அவருக்கு உள்ளே என்ன குறைகிறது என்று எப்படித் தெரியும்?

ஆகவே கம்பெனி சரிபார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சரிபார்ப்பவர் யார்? காசை வாங்கிக் கையில் வைத்திருப்பவரே நீதிபதியாகவும் உட்காருகிறார். எந்த அளவுகோலில் மறுத்தார் என்று சொல்வதில்லை. ஏமாற்றுக்காரனுக்கும் பட்டினி கிடந்தவனுக்கும் ஒரே வரிப் பதில். திருடனைப் பிடிக்கப் போட்ட வலையில் ஊரையே வாரிக்கொண்டு போவது சரியாகுமா?

என்ன செய்யலாம்?

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. நாலே நாலு மாற்றம் போதும்.

ஒன்று, ரீஃபண்ட் என்றால் பணம் வந்த வழியிலேயே திரும்ப வேண்டும். கூப்பன் வேண்டும் என்று வாடிக்கையாளர் தானாகக் கேட்டால் மட்டும் கூப்பன்.

இரண்டு, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தச் செய்தியிலேயே குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இப்போது அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சாப்பாடே ஊசிப்போகிறது.

மூன்று, சொன்ன நேரத்தைத் தாண்டி இவ்வளவு நிமிஷம் ஆனால் கட்டணமில்லாமல் கேன்சல் செய்யலாம் என்று ஆர்டர் போடும்போதே காட்ட வேண்டும். கம்பெனியே கேன்சல் செய்தால் ஒரு தொகை தர வேண்டும். விதி அதைத்தான் சொல்கிறது.

நான்கு, வருஷத்துக்கு எத்தனை ரீஃபண்ட் கேட்கப்பட்டது, எத்தனை மறுக்கப்பட்டது, எத்தனைக்குப் பணத்துக்குப் பதில் கூப்பன் தரப்பட்டது என்று வெளியிட வேண்டும். ரெண்டுமே பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள். லாப நஷ்டக் கணக்கை ஊருக்குக் காட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுவதில் என்ன கூச்சம்?

அதுவரைக்கும் வாடிக்கையாளர் செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. பையைப் பிரிக்கும்போதே ஒரு போட்டோ. சாட் ஸ்க்ரீன்ஷாட். கூப்பனை ஏற்றுக்கொண்டால் விஷயம் தீர்ந்ததாகவே கணக்கு வைப்பார்கள், அதனால் "கூப்பன் வேண்டாம், பணமாகத் திருப்புங்கள்" என்று எழுத்தில் ஒரு வரி. பிறகு குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு மெயில். அப்படியும் நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன். இதற்கு லீவு போட வேண்டியதில்லை, டீ குடிக்கிற நேரம் போதும். நூறு பேரில் ஒருவர் செய்தால் தொந்தரவு என்று ஒதுக்குவார்கள். நூறு பேரும் செய்தால் விதியை மாற்றுவார்கள்.

"நூத்தம்பது ரூபாய்க்குப் போய் யாருங்க கேஸ் போடுவாங்க?" என்று கேட்கிறவர்களுக்குத் திருப்பிக் கேட்க ஒரு கேள்விதான் இருக்கிறது. நூத்தம்பது ரூபாய் அவ்வளவு சின்னத் தொகை என்றால், அதைத் திருப்பிக் கொடுக்கக் கம்பெனிக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?